துண்டின் கீழ்ப்பாதியைக் கேட்டு வந்தவர்

நானா,

இன்று காலை புத்தளம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துப் போட்டோகொப்பிக் கடைக்குப் போயிருந்தேன். லெமினேட் மெசின் சூடேறி, பிளாஸ்டிக் மணம் மூக்கில் அடித்தது. மற்றவர்களுக்கு மௌத்தாகிப் போய்ச்சேர்ந்தவர்களின் நினைவு அத்தர் மணத்தோடு வரும். எனக்கு உங்கள் நினைவு இந்தப் பாழாய்ப்போன பிளாஸ்டிக் மணத்தோடு வருகிறது. அதற்குக் காரணம் நீங்கள்தான். ஊரைவிட்டு வரும்போது தந்த அந்த அனுமதிக் காகிதத் துண்டை இதே கடையில் லெமினேட் செய்து கொண்டுவந்து, "இனி உப்புக் காத்து தொடாது பார்" என்று என்னிடம் காட்டினீர்களே, அன்றைக்கே எனக்கு எரிச்சல்தான். இன்று அதன் ஓரம் வெட்டுப்பட்டுக் கிடக்கிறது. அதை ஒட்டத்தான் போனேன்.

யார் வெட்டியது என்று கேட்பீர்கள். சொல்கிறேன், ஆனால் முதலில், கூடப் பிறக்காத தம்பி என்ற உரிமையில், உங்களோடு கொஞ்சம் சண்டை பிடிக்க வேண்டும். அந்தத் துண்டை நீங்கள் யாருக்குத்தான் காட்டவில்லை? கல்யாணப் பேச்சுக்கு வந்தவர்களுக்குக் காட்டினீர்கள். ஆலங்குடாக் கடற்கரையில் கைட் விட வந்த வெள்ளைக்காரனுக்குக்கூடக் காட்டினீர்கள். அவன் போனில் படம் எடுத்தான். அந்தப் படம் எங்கெங்கோ சுற்றி, உங்கள் நாற்பதாம் நாள் கத்தம் முடிந்த மறுவாரம், கொழும்பிலிருந்து ஒரு மனுசன் உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

மரியாதையான ஆள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். பெயர் கெட்டவர்களின் கையெழுத்தை வாங்கி விற்பதுதான் தொழிலாம். ஊரை எரித்த தளபதி, சனத்தைக் கொன்று குவித்த ஆட்சியாளன், இப்படி. "நல்லவங்கட சைனை ஆரும் கேக்கிறதில்ல. ஆள் எவ்வளவு பொல்லாதவரோ அவ்வளவுக்கு மதிப்பு" என்று தேங்காய் விலை சொல்வதுபோல் சொன்னார். உங்கள் துண்டில் இருப்பது நம்மை ஊரைவிட்டுத் துரத்தியவனின் கையெழுத்துத்தான் என்று உறுதியாகிவிட்டால், கேட்கிற விலை தருவாராம். நேரில் கண்ட சாட்சியாக நான் ஒரு வரி எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

உங்கள் மகள் விற்கலாம் என்றுதான் நினைத்தாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். உங்களைப் போல அவளுக்கும் ஊசி நூல்தான் சோறு. ஆனால் அடுத்தவன் கடையில், அடுத்தவன் மெசினில் குனிந்து தைக்கிறாள். "வித்தா சொந்தமா ஒரு மெசின் எடுக்கலாம் சாச்சா. வாப்பா கோவிப்பாரா?" என்று கேட்டாள். உங்களுக்கு எங்கே கோபம் வந்தது, வந்திருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். கோபப்படுகிற வேலையை முழுக்க என் தலையில் போட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். சரி, குடுப்பம் மகள் என்றேன்.

அந்த ஆள் லென்ஸை எடுத்தார். ஊதா வெளிச்சம் அடிக்கிற சின்ன டோர்ச்சை எடுத்தார். போனில் இருந்த வேறு கையெழுத்துகளைத் துண்டுக்குப் பக்கத்தில் வைத்து, கடைசி எழுத்தின் வாலை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "கள்ள சைன் வைக்கிறவன் மெதுவாக் கீறுவான், கோடு நடுங்கும். இவர் தடையில்லாம போட்டிருக்கார், பாருங்க" என்றார். "இவர்" என்றாரே, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஏன் நடுங்கப்போகிறது? நான்தானே பக்கத்தில் இருந்தேன். தொண்ணூறாம் ஆண்டு, முஸ்லிம்கள் எல்லாரும் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்று இயக்கம் சொன்ன நேரம், மன்னாரில் நம் பள்ளிவாசலுக்கு எதிரே ஒரு மர வாங்கு போட்டிருந்தார்கள். பதினெட்டு வயது எனக்கு. எழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று என்னைப் பிடித்து இருத்தினார்கள். ஊரைவிட்டுப் போகிறவர்கள் என்ன சாமான் கொண்டுபோகக் கேட்கிறார்களோ, அதைத் துண்டில் எழுதுவது என் வேலை. அவர்களின் பெரியவன் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே, வாசித்தும் பார்க்காமல், ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போட்டுத் தள்ளினான். நீங்கள் வரிசையில் வந்தீர்கள். உங்கள் பெயர், உங்கள் வாப்பாவின் பெயர், "தையல் மெசின் ஒன்று" என்று எழுதினேன். வடிவாக எழுதினேன், வெட்கம் கெட்டவன். உங்கள் கையில் தந்து, "பெரியவர்ட சைன் இருக்கு நானா, ஆரும் தொட மாட்டாங்க" என்றும் சொன்னேன்.

நீங்கள் அதை நம்பி, வேறு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, அந்த இரும்பைத் தோளில் சுமந்து கரைக்கு வந்தீர்கள். சமையல் சட்டியைக்கூட எடுக்கவில்லை. வள்ளத்தடியில் காவல் நின்ற பொடியன் துண்டை வாங்கிப் பார்த்தான். "சைன் சரிதான். ஆனா இப்ப புது ஓடர். துண்டை நீ வைச்சுக்கொள், மெசினை இறக்கு" என்றான். நீங்கள் இறக்கினீர்கள். நான் வரிசையில் பின்னால் நின்று பார்த்தேன். கல்பிட்டிக் கரையில் இறங்கியபோது உங்களிடம் இருந்தது அந்தத் துண்டும், சாரன் மடிப்பில் ஒளித்துக் கொண்டுவந்த, மெசினில் நூல் சுற்றுகிற ஒரு பொபினும்தான்.

ஆலங்குடாவில் ஓலைக் கொட்டிலுக்குள் கையூசியால் சனத்தின் கிழிந்த உடுப்புகளைத் தைத்துக்கொண்டிருந்தீர்கள். ஒருநாள் தாங்க முடியாமல் "கிழிச்சு எறிங்க நானா அந்தச் சனியனை" என்று கத்தினேன். நூலைப் பல்லால் கடித்துவிட்டுச் சொன்னீர்கள்: "இது என்ட மெசின்ட துண்டு. மெசின் வந்தாத்தான் கிழிப்பன்." எழுதியவன் நீதானே, நம்பச் சொன்னவன் நீதானே என்று ஒருநாள்கூட நீங்கள் கேட்கவில்லை. ஒரு அறை விட்டிருக்கலாம் நானா.

அந்த ஆளுக்கு வருகிறேன். கையெழுத்து அசல்தான் என்று முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார். பிறகு நாக்கைத் தட்டினார். "லெமினேட் பண்ணினதுதான் பிழை. உரிச்சா மை கழண்டிடும். பரவாயில்ல, சைனை மட்டும் வெட்டி எடுத்து அவர்ட போட்டோவுக்குக் கீழ பிரேம் போட்டா நல்லாப் போகும்." பையிலிருந்து அடிமட்டமும் பிளேடும் எடுத்தார்.

"அப்ப மேல இருக்கிறது?" என்று கேட்டேன்.

"அது ஒரு டெய்லர்ட பேர்தானே. அது தேவைப்படாது."

சொல்லிக்கொண்டே பிளேடை ஓரத்தில் இறக்கிவிட்டார். நான் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்து கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே ஞாபகமில்லை. அடுத்த வீட்டுச் சனம் எட்டிப் பார்த்தது. ஆனால் பிளேடை நிறுத்தியது என் சத்தமில்லை. உங்கள் மகள் கையை விரித்துத் துண்டுக்கு மேல் வைத்துவிட்டாள்.

"ஊட்ட எடுத்தாங்க, மெசின எடுத்தாங்க. எங்கட வாப்பாட பேரையும் நானே வெட்டிக் குடுக்கவா? எழும்புங்க."

"நல்ல விலை மகள், யோசிங்க..."

"எழும்புங்கண்டு சொன்னன்."

எழுந்து போனார். மேசையில் வைத்துவிட்டுப் போன விசிட்டிங் காட்டை நான் நாலாகக் கிழித்தேன். அவள் குசினிக்குள் போய் அழுதாள். ஏன் அழமாட்டாள்? மறுநாள் விடிய அதே கடைக்கு, அதே அடுத்தவன் மெசினுக்குத்தானே போனாள். அவன் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு கீறிய கோட்டுக்கு உலகத்தில் விலை இருக்கிறது, நாற்பது வருசம் சனத்துக்கு உடுப்புத் தைத்த உங்கள் பெயருக்கு ஒரு சதம் இல்லை. இதை யாரிடம் போய்ச் சொல்ல?

துண்டை அவள் என்னிடம் தந்துவிட்டாள். இன்று கடையில் ஓரத்தை ஒட்டி வாங்கி, சட்டைப் பைக்குள் வைத்திருக்கிறேன். கிழிக்க மாட்டேன். அவன் செய்தான் என்பதற்கு அவனே தந்த சாட்சி அது. எழுதிக் கொடுத்தவன் நான் என்பதற்கும் அதுதான் சாட்சி. உங்கள் மெசின் வராத வரைக்கும் இரண்டையும் நானே சுமக்கிறேன்.

மகளின் வீட்டுச் சுவருக்கு ஒரு கொப்பி வேண்டியிருந்தது. கடைக்காரப் பையனிடம் ஒரு வெள்ளைக் கடதாசி வாங்கி, கையெழுத்து மறைய வைத்து, இப்படியே அடி என்றேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"சைன் இல்லாட்டி இது செல்லாதே, மாமா."

"சைன் இருந்த நேரமும் செல்லல்ல, மகன். நீ அடி."

கொப்பி தெளிவாக வந்தது நானா. உங்கள் பெயர், உங்கள் வாப்பாவின் பெயர், தையல் மெசின் ஒன்று. அதற்குக் கீழே வெறும் வெள்ளை.