கூட்டு லொறி

இன்று காலை வந்த கோதுமை மா மூட்டை ஒன்றின் அடி நனைந்திருந்தது. வாயைப் பிரித்ததும் டீசலும் உப்புத்தண்ணீரும் கலந்த அந்த மணம் வந்தது. பழக்கதோஷத்தில் எதிர்க்கடையைப் பார்த்து உம்மைக் கூப்பிட வாயெடுத்துவிட்டேன். உம்முடைய கடைக் கதவு பூட்டிக் கிடந்தது.

நெடுந்தீவில் எங்களைப் போல வியாபாரம் செய்தவர்கள் வேறு யாரும் உண்டோ தெரியாது. யாழ்ப்பாணத்தில் சாமான் எடுத்தால் குறிகட்டுவான் துறை வரை ஒரே லொறி, பிறகு ஒரே வள்ளம், இங்கே இறங்கினால் ஒரே லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம். ஒவ்வோர் இடத்திலும் ஏற்றக் கூலி, இறக்கக் கூலி. எல்லாம் பாதிப் பாதி. மூட்டையில் பெயர் எழுத நீர் விடவே மாட்டீர். எழுதினால் நனைந்தது யாருடையது என்று கதை வருமாம்.

"கடல் ஆருடையது எண்டு பாத்தே நனைக்குது? பாதியாப் பிரிச்சு அள்ளும் காணும்" என்பீர்.

அள்ளி முடித்துக் கடைக்குள் போன கையோடு தேங்காயெண்ணெய் விலையைக் குறைத்து என் ஆட்களை இழுப்பீர். கேட்டால், "லொறியிலதான் கூட்டு, கடையில இல்லை" என்று பல்லைக் காட்டுவீர். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

உள்ளதைச் சொல்கிறேன். உமது செத்தவீடு முடிந்து உம்முடைய ஆட்கள் என் கடைக்கு வரத் தொடங்கியபோது உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். பிறகுதான் கூலி உறைத்தது. இரண்டு கடைச் சாமானையும் ஒன்றாக எடுக்க என்னிடம் கைமுதல் இல்லை. லொறி பாதி வெறுமையாக வருகிறது, வாடகை மட்டும் முழுதாக. அதைச் சாமான் விலையில் ஏற்றினேன். இந்தப் பக்கத்தில் வேறு கடை இல்லாததால் எல்லோரும் பேசாமல் வாங்கிப் போகிறார்கள்.

நேற்றுப் பின்னேரம் உம்முடைய மனைவி பேரனுக்குப் பால்மா வாங்க வந்தார். விலையைக் கேட்டதும் தயங்கினார்.

"ஏன் அண்ணை இவ்வளவு கூடிட்டுது?"

"கூலி தங்கச்சி. முந்தி ரெண்டு கடையும் சேந்து எடுத்தனாங்கள். இப்ப தனிய எடுக்கக் கட்டுப்படியாகுதில்லை."

கையிலிருந்த காசை எண்ணினார். "அப்ப எங்கட கடை பூட்டினதாலை உங்களுக்குத்தான் கரைச்சல். குறை நினைக்காதேங்கோ அண்ணை."

காசை வைத்துவிட்டுப் போனார். நானும் எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டேன்.

"கடையைத் திறவுங்கோ தங்கச்சி, பழையபடி கூட்டா எடுப்பம்" என்று சொல்லியிருக்கலாம். உம்முடைய மகள் வீட்டில்தான் இருக்கிறாள், கடை நடத்தக்கூடியவள். சொன்னால் கூலி பாதியாகும், பால்மா விலையும் இறங்கும். உம்முடைய ஆட்கள் மறுபடி எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள். அதனால்தான் வாய் வரவில்லை. வெட்கமாக இருக்கிறது.

நீர் செத்ததற்காக உம்முடைய மனைவி என்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அதை வாங்கி வைத்துக்கொண்டு திரிகிறேன். இன்றும் அவர் என் வாசலால் போனார். கண்டும் காணாதவன் போல உள்ளே போய்விட்டேன்.