பதிவாகாத அழுகை

12 மார்ச் 1998, வியாழன்

ஆராய்ச்சிக்காக நாலு மாதமாக டெல்லியில் தமிழர்கள் குடியிருக்கும் மதராசி கேம்ப் குடிசைப் பகுதிக்குப் போய்வருகிறேன். சாக்கடையில் விழுந்து செத்துப்போன மகளைப் பற்றி செல்வி அக்கா இன்றுதான் வாய் திறந்தாள். ஒரு மணி நேரம் அழுதுகொண்டே பேசினாள். முடிந்த பிறகுதான் கவனித்தேன். டேப் ரெக்கார்டரில் ரெக்கார்ட் பட்டனை விட்டுவிட்டு ப்ளே பட்டனை மட்டும் அழுத்தியிருக்கிறேன். கேசட் சும்மா சுற்றியிருக்கிறது.

"அக்கா, பதிவாகல. மறுபடி மொதல்லேருந்து சொல்றீங்களா?" என்றேன்.

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அச்சா, சொல்றேன். அதே மாதிரி அழுவணுமாம்மா?"

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். "வந்தா அழுங்கக்கா" என்றேன்.

அழுதாள். எனக்குத் தெளிவாக விழ வேண்டுமென்று மைக்குப் பக்கம் குனிந்து அழுதாள்.

இப்போது போட்டுக் கேட்கிறேன். ஒரு சொல்கூட விட்டுப்போகவில்லை. ஆனாலும் முதல் தடவை இன்னும் நன்றாக அழுதாள் என்றுதான் தோன்றுகிறது.