கடுதாசிக் கப்பல்

2005 டிசம்பர், செவ்வாய் இரவு

பள்ளிக்கூட விடுமுறை. விடாத மழை. முகாமின் தகரக் கொட்டிலுக்குள் அடைந்து கிடந்த பிள்ளைகள் ஓயாமல் சண்டை பிடித்தார்கள். பழைய பேப்பரைக் கிழித்துக் கப்பல் செய்யச் சொல்லிக்கொடுத்தேன். மகன் றிஸ்வான் என் பக்கத்தில் இருந்து மடித்தான். சின்னவள் ஹஸ்னா தன் கப்பலை வாசலில் தேங்கிய தண்ணீரில் விட்டாள். அது மிதந்ததும் கைதட்டிக் கத்தினாள். "உம்மா, கடல் வந்திட்டு!"

விளையாட்டாகத்தான் கத்தினாள். ஆனால் போன வருடம் சுனாமித் தண்ணீர் ஊருக்குள் புகுந்தபோது எல்லாரும் கத்தியது அதைத்தான். இன்று அவள் குரல் கேட்டதும் பக்கத்துக் கொட்டில்களில் இருந்தவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நானும் மகனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். பள்ளிவாசல் மதிலடியில் அவன்தான் கேட்டான். "தங்கச்சி எங்க உம்மா?"

திரும்பி வந்தபோது அவள் வாசலிலேயே நின்றாள், நனைந்த கப்பலோடு. கத்தியவளையே விட்டுவிட்டு ஓடியிருக்கிறேன்.

படுக்கும்போது கேட்டாள். "மறுகா கடல் வந்தா என்னையும் புடிச்சிட்டு ஓடுவீங்களா?"

"ஓம் மகள்" என்றேன்.

நம்பவில்லை போலிருக்கிறது. என் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு தூங்குகிறாள். விளக்கை அணைக்க எழும்பவும் பயமாக இருக்கிறது.