ஒரு வேலைக்கான நிதி

இன்று காலை கிரவுண்டில் கோடு போட்டார்கள். மழையில் ஊறிய செம்மண்ணில் சுண்ணாம்பு விழும்போது மூக்கில் ஏறும் அந்த வாசனை உனக்கும் தெரிந்ததுதான். ஞாயிற்றுக்கிழமை நம் பெண்களுக்கும் பக்கத்து ஊர் வெள்ளக்கடைப் பெண்களுக்கும் வாலிபால் மேட்ச். பனிமூட்டத்தில் எதிர்ப்பக்கக் கம்பம் தெரியவில்லை. நீ மட்டும் தெளிவாகத் தெரிந்தாய். செத்துப்போனவர்களை நினைத்தால் மனசு இளகும் என்கிறார்கள். எனக்கு இளகவில்லை.

நாம் பள்ளி முடித்த காலத்தில் நமக்கு வாய்த்த ஒரே சமதரை, எஸ்டேட்டில் காப்பி காயவைக்கும் களம். இரண்டு மரங்களுக்கு நடுவே கயிறு கட்டி வாலிபால் ஆடினோம். பழம் பறிக்கும் மாதங்களில் எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் வந்து விரட்டுவார். ஒருநாள் பந்தைப் பிடுங்கிக் கத்தியால் கிழித்தே விட்டார். கிழிந்த பந்தை மடியில் வைத்துக்கொண்டு நீ சொன்னாய்: "நா தலைவரா வந்தனா, மொத வேல நமக்கொரு கிரவுண்டுதான் புள்ள."

நான் அதை நம்பினேன். நீ ஊராட்சித் தேர்தலில் நின்றபோது உனக்காக வீடு வீடாக ஏறி இறங்கினேன். "இவரு வந்தா நம்ம புள்ளைங்க வெளையாட எடம் வருமுங்க" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்!

நீ ஜெயித்தாய். கைக்கு வந்த நிதி ஒரு வேலைக்குத்தான் போதும். அந்த ஒரு வேலையாக நீ கட்டியது, பள்ளத்தாக்கைப் பார்த்தபடி சுற்றுலாக்காரர்கள் போட்டோ எடுக்க ஒரு மேடை. இதயம் போல வளைந்த கம்பியும் அதற்குச் சிவப்புப் பெயின்டும்.

கிராம சபையில் வாலிபால் ஆடும் ஏழு பெண்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு எழுந்து நின்றேன். ஊருக்கு முன்னால் உன்னை மரியாதையாகத்தான் கூப்பிட்டேன். "ஏனுங்க தலைவரே, கிரவுண்டு என்னாச்சுங்க?"

நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. "காசு ஒரு வேலைக்குத்தானுங்க இருக்குது. டூரிஸ்ட்டு வந்தாத்தான் நம்ம கடக்காரங்க பொழைப்பாங்க. கிரவுண்டு இல்லீன்னா யாரும் செத்துர மாட்டாங்க. அடுத்த வருசம் பாக்கலாமுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். என்னோடு நின்ற பிள்ளைகளும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். அதுதான் எனக்கு ஆறவில்லை. நீ சொன்னது முழுப்பொய்யும் அல்ல. மேடைக்குப் பக்கத்தில் மூன்று பஜ்ஜிக் கடைகள் வந்தன, மூன்று குடும்பங்கள் பிழைத்தன. ஆனாலும் அடுத்த தேர்தலில் உன்னை எதிர்த்து நின்றேன். நான் ஜெயித்து நீ தோற்ற அன்று வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு சத்தமாகச் சிரித்தேன்.

அப்புறம் உனக்கு நெஞ்சுவலி வந்தது. சேலத்தில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். சமதரையில் தினமும் நடக்கச் சொன்னாராம் டாக்டர். இந்த மலையில் சமதரைக்கு எங்கே போவது? ஏறினால் மேடு, இறங்கினால் வளைவில் பஸ். ஒரு காலையில் என் ஆபீசுக்கு மனுவோடு வந்தாய். வயசானவர்கள் பலர் அதில் கையெழுத்தும் கைநாட்டும் வைத்திருந்தார்கள். பள்ளிக்குப் பின்னால் இருந்த புறம்போக்கில் நடைபாதை வேண்டும் என்று கேட்டிருந்தாய். நான் கிரவுண்டுக்கு எடுத்து வைத்திருந்த அதே இடம், அதே நிதி.

"ஏனுங்க தலைவரே, கொஞ்சம் மனசு வெக்கோணுமுங்க" என்றாய். மேடேறி வந்த மூச்சு இன்னும் அடங்கியிருக்கவில்லை. நான் உன்னை உட்காரச் சொல்லவில்லை.

"காசு ஒரு வேலைக்குத்தானுங்க இருக்குது. நடக்கலீன்னா யாரும் செத்துர மாட்டாங்க. அடுத்த வருசம் பாக்கலாமுங்க" என்றேன்.

ஒவ்வொரு சொல்லையும் ருசித்துச் சொன்னேன். மனுவை மடித்துச் சட்டைப் பையில் வைத்தாய். "நொம்ப ஞாபகமா வெச்சிருக்கற புள்ள" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாய். கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கிரவுண்டு முடிந்தது. அந்த மார்கழியிலேயே நீ போனாய். மாலையோடு வந்தேன். உன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "வாசல்லயேதானுங்க நடப்பாரு. பத்தடி அங்க, பத்தடி இங்க" என்றாள். நடந்திருந்தால் பிழைத்திருப்பாயா என்று உன் டாக்டரை நான் விசாரிக்கவில்லை. விசாரிக்கப் போவதும் இல்லை.

இதை யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடம் சொல்கிறேன். நீ மனு கொண்டுவந்த மறுநாள் ஓவர்சியர் ஒரு படம் போட்டு வந்தார். "வாலிபால் கோர்ட்ட சுத்தி நடக்க நாலடி உட்டா போதுமுங்க. செலவு ஒண்ணும் ஏறாது. ரண்டும் ஆயிருமுங்க" என்றார். பென்சிலால் சுற்றிலும் மெல்லிய கோடு போட்டிருந்தார். வேண்டாம் என்றேன். விளிம்புவரை வேலி போடச் சொன்னேன்.

அந்தப் படம் இன்னும் என் பீரோவில், சேலைகளுக்கு அடியில் இருக்கிறது. கிழித்துப்போடலாம் என்று பலமுறை எடுத்திருக்கிறேன். உனக்காக அழுது கிழிக்க மனம் வரவில்லை, உன்னை மறந்து கிழிக்கவும் முடியவில்லை. ஒவ்வொரு முறையும் மடித்து உள்ளே வைக்கிறேன்.