ஒரு ‘டி’ குறைவான முகவரி

இன்று காலை வேறொரு நிறுவனம் அனுப்பிய விவரக் கோப்பைத் திறந்தேன். நூற்றுக்கணக்கான வரிகள். நடுவில் ‘அட்ரஸ்’ என்ற ஆங்கிலச் சொல். இரண்டு ‘டி’ இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. யாரோ காதில் விழுந்ததை அப்படியே எழுதியிருக்கிறார்கள். உன்னைப் போல.

நீ போய் நாற்பது நாள் ஆகிறது. நான் இன்னும் அழவில்லை. எழுந்து மாடிப்படியில் போய் நின்றேன். அப்போதும் அழுகை வரவில்லை. பழைய கோபம்தான் வந்தது.

ஈஜிபுராவில் உன் அறை. 2003. ஞாயிற்றுக்கிழமைகளில் மல்லேஸ்வரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவேன். புத்தகம் என்னுடையது, கம்ப்யூட்டர் உன்னுடையது. அலுவலகப் பயிற்சியில் வெப் சர்வீஸ் பற்றிச் சொன்னது நமக்குப் பாதிதான் புரிந்திருந்தது. ஓர் ஊரில் ஓடும் நிரல் இன்னோர் ஊரில் ஓடும் நிரலைக் கேள்வி கேட்கும். முகம் தெரியாத அது பதில் சொல்லும். என்ன கேட்கலாம், பதில் எந்தப் பெயரில் வரும், எல்லாம் விவரக் கோப்பில் இருக்கும். இரண்டு பக்கமும் அதை நம்பித்தான் எழுதப்படும்.

நமக்குக் கொடுத்த வேலை ஒரு கூரியர் கம்பெனிக்கானது. பார்சல் எண்ணைக் கொடுத்தால் முகவரியைத் தரும் சர்வீஸ் உன்னுடையது. அதைக் கூப்பிட்டுத் திரையில் காட்டும் பகுதி என்னுடையது. முதன்முதலாக அதை சர்வரில் ஏற்றி, நான் கேட்டு, பதில் வந்த மத்தியானம் நீ கட்டிலில் ஏறிக் குதித்தாய். கீழ்வீட்டு அம்மா கன்னடத்தில் கத்தினார்.

“வீடு விழுந்துடுமாம்” என்றேன்.

“விழட்டும் மச்சி, பதில் வந்துடுச்சில்ல!”

அந்தப் பதிலில்தான் ஒற்றை ‘டி’. நான் சிரித்தேன்.

“டேய், அட்ரஸ்ல எத்தன டி?”

“நீ சொல்றப்ப எத்தன டி கேக்குது?”

“ரெண்டுடா, மாராயா.”

“எனக்கு ஒண்ணுதான் கேக்குது. தர்மபுரி காது.”

நாம் திருத்தவில்லை. அந்தப் பிழையை நம்பி என் பகுதி முழுவதும் எழுதியாகிவிட்டது. “வெளிய விட்டாச்சுன்னா போட்டது போட்டதுதான்” என்றாய். “மாத்தணும்னா மொதல்ல ஒருத்தர்கிட்ட ஒருத்தர் சொல்லிடணும். சரியா?” சரி என்றேன். படித்ததில் அந்த ஒன்றுதான் எனக்கு முழுதாகப் புரிந்திருந்தது.

பயிற்சியின் ஆறாவது மாதம். கூரியர் கம்பெனிக்காரர்கள் வந்து பார்ப்பார்கள். அது சரியாக நடந்தால் இருவருக்கும் வேலை உறுதி. முந்தின நாள் ஒத்திகையில் டீம் லீட் உன் கோப்பிலிருந்த அந்த ஒற்றை ‘டி’யைத் திரையில் பெரிதாக்கினார். “யாருப்பா இது, தமிழ் மீடியமா?” அறை சிரித்தது. நானும் சிரித்தேன். நீ மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

மறுநாள் பதினோரு மணி. பார்சல் எண்ணை அடித்தேன். முகவரிக்குப் பதிலாகச் சிவப்பில் ஒரு பிழைச் செய்தி. மறுபடி அடித்தேன். மறுபடியும் சிவப்பு. வந்தவர்களில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சர்வீஸில் ஏதாவது மாற்றினீர்களா என்று மேனேஜர் உன்னைக் கேட்டார்.

“நோ சார். நத்திங் சேஞ்ச்டு ஆன் மை சைட்.”

என் பக்கம் எதுவும் மாறவில்லை. நீ அவ்வளவு தெளிவான ஆங்கிலம் பேசி நான் கேட்டதில்லை.

உன்னை நம்பினேன். இரண்டு மணி நேரம் என் நிரலில் வரி வரியாகத் தவறைத் தேடினேன். பிறகுதான் சர்வரில் இருந்த விவரக் கோப்பைத் திறந்தேன். இரண்டு ‘டி’. என் நிரல் இன்னும் ஒற்றை ‘டி’யைத்தான் தேடிக்கொண்டிருந்தது. அன்று காலை எட்டு நாற்பதுக்கு, உன் பெயரில் புதுக் கோப்பு ஏற்றப்பட்டிருந்தது.

டீக்கடையில் உன்னைப் பிடித்தேன்.

“ஸ்பெல்லிங்கத்தானடா திருத்தினேன். அது ஒரு சேஞ்சா?”

“சார் கேட்டப்ப ஏண்டா சொல்லல?”

டீயை ஊதிக்கொண்டே இருந்தாய். “சொன்னா என் வேல போயிடும் மச்சி. உனக்கென்ன, மல்லேஸ்வரத்துல சொந்த வீடு. இங்கிலீஷ் வருது. வேற எடம் கெடச்சிடும்.”

“அப்ப என் வேல போலாமா?”

“நேத்து நீயும்தான சிரிச்ச.”

ஆமாம், சிரித்தேன். ஆனால் நான் சிரித்தது உன் முகத்துக்கு நேரே.

எட்டு நாற்பதை நான் மேனேஜரிடம் காட்டியிருக்கலாம். நீயே போய்ச் சொல்வாய் என்று ஒரு வாரம் காத்திருந்தேன். எட்டாம் நாள் எனக்குக் கடிதம் வந்தது. வேலை உறுதி செய்யப்படவில்லை. நான் பையை எடுத்துக்கொண்டு போனபோது நீ உன் இடத்தில் இல்லை. அதன் பிறகு ஆறு வருடம். ஒரு போன் இல்லை.

மாரடைப்பு என்றார்கள். முப்பத்தொரு வயதில்.

பதினாறாம் நாள் ஆனேக்கல் பக்கம் உன் வீட்டுக்கு வந்தேன். ஏன் வந்தேன் என்று தெரியவில்லை. உன் மனைவியை அன்றுதான் முதலில் பார்த்தேன். என் பெயரைச் சொன்னதும் அவர் முகம் மாறியது.

“நீங்களா! உங்களப் பத்தி எவ்ளோ சொல்லியிருக்காரு. அந்த டெமோ கதைய எங்கிட்ட மறைக்கவே இல்ல. ‘தப்பு என்னுதுதான், ஆனா அவன் அன்னிக்கே டீக்கடையில என்னை மன்னிச்சிட்டான், அதான் நிம்மதியா இருக்கேன்’னு சொல்வாரு.”

நீ எப்போது கேட்டாய்? நான் எப்போது கொடுத்தேன்?

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுதழுது வீங்கிய கண்கள். உன்னைப் பற்றி நல்லதாக ஒன்றை உறுதி செய்துகொள்ளக் காத்திருந்தார்.

“ஆமாங்க” என்றேன்.

நீ கேட்டிருந்தால் கொஞ்ச நாள் இழுத்தடித்துவிட்டுக் கொடுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். கேட்கவில்லை. இப்போது, கொடுக்காத ஒன்றைக் கொடுத்துவிட்டதாக உன் வீட்டில் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அந்த ‘ஆமாங்க’ இன்னும் பொய்யாகவே இருக்கிறது. அதை உண்மையாக்கவும் முடியவில்லை. அவரிடம் போய்த் திரும்ப வாங்கவும் முடியாது.