நீ குறித்த பஸ் நேரங்கள்

இன்று காலை கட்டுகஸ்தோட்டையில் முக்கால் மணி நேரம் காய்ந்தேன். பிறகு மடவளை பஸ் இரண்டு, ஒன்றின் பின்னால் ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தன. டீசல் புகை முகத்தில் அடித்தது. பக்கத்தில் நின்றவர்கள் திட்டிக்கொண்டே ஏறினார்கள். உன் ஞாபகம் வந்து நான் ஏறாமல் நின்றுவிட்டேன்.

பள்ளியில் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். நான் பல்கலைக்கழகம் போனேன், நீ இதே பஸ் தரிப்பிடத்தில் கச்சான் கடலை வறுத்து விற்க வண்டி போட்டாய். கடைசி வருட ஆய்வுக்கு இந்தப் பஸ்களைத்தான் எடுத்துக்கொண்டேன். அடுத்த பஸ் எத்தனை நிமிடத்தில் வரக்கூடும் என்று நிகழ்தகவில் அமைந்த கணித மாதிரி ஒன்றால் சொல்லிவிடலாம் என்று நம்பினேன். ஒவ்வொரு பஸ்ஸும் தன்பாட்டில் வருகிறது, முன்னே போனதோடு அதற்குச் சம்பந்தமில்லை என்பதுதான் அந்த மாதிரியின் அடிப்படை. நேரம் குறிக்க ஆள் வேண்டுமே! என் கைக்கடிகாரத்தை உன் கையில் கட்டிவிட்டேன். இரண்டு வாரம், கச்சான் வறுத்தபடி, மழையிலும் நீ குறித்தாய்.

நீ நேரம் எழுதித் தந்த கொப்பியில் அரை மணி நேரம் ஒன்றுமில்லை, பிறகு ஒரே நிமிடத்தில் மூன்று பஸ். மாதிரியை வைத்து நான் வரைந்த வளைகோட்டில் அது உட்காரவே இல்லை. கச்சான் வாங்க நின்றவர்களுக்கு முன்னால், இடையில் தூங்கிவிட்டாயா என்று கேட்டேன்.

நீ கோபப்படவில்லை. "ஒண்ணு லேட்டானா அதுக்குச் சனம் கூடிரும் மச்சான். ஏத்தி எறக்கி இன்னும் லேட்டாகும். பின்னால வர்றது காலியா வந்து ஒட்டிக்கும்," என்றாய்.

கச்சான்காரன் எனக்குப் படிப்பிப்பதா என்று தலைக்கேறிவிட்டது. அறையில் உட்கார்ந்து, கோட்டுக்குப் பொருந்தும் எண்களை நானே எழுதி ஒப்படைத்தேன். முதல் வகுப்பும் கிடைத்தது. சேதி கேட்டு ஒரு பை கச்சானோடு வீட்டுக்கு வந்தாய். போகும்போது, "நான் தூங்கலடா," என்று மட்டும் சொன்னாய். அதன்பிறகு உன் வண்டி இருந்த பக்கமே நான் போகவில்லை.

விரிவுரையாளரான பிறகுதான் புரிந்தது, பிழை மாதிரியில். நீ சொன்னதைத்தான் பெரிய பெரிய சமன்பாடுகளாக எழுதி வைத்திருக்கிறார்கள். வந்து சொல்ல வெட்கம். வருடக்கணக்கில் தள்ளிப்போட்டேன். போன மாசியில் நெஞ்சுவலி வந்து நீ போய்விட்டாய்.

இப்போதெல்லாம் வகுப்பில் உன் கொப்பியின் எண்களைத்தான் பலகையில் எழுதுகிறேன். மாதிரி பொருந்தாவிட்டால் மாதிரியைத் திருத்துங்கள், எண்களில் கை வைக்காதீர்கள் என்று பிள்ளைகளுக்குப் புத்தி வேறு சொல்கிறேன். போன கிழமை ஒரு மாணவி, "இவ்வளவு கவனமா இத யார் சேர் எடுத்தது?" என்று கேட்டாள்.

உன் பெயர் வாய் வரை வந்தது. நான்தான் என்று சொன்னேன். நீ செத்த பிறகும் உன்னிடம் களவெடுத்தேன், மச்சான்.