ஒரு பக்கம் கல் இல்லாத மூக்குக்கண்ணாடி

நண்பா,

காலையில் பஞ்சு தேடி இழுப்பறையைத் திறந்தபோது உன் மூக்குக்கண்ணாடி கையில் தட்டுப்பட்டது. ஒரு பக்கம் கல், மறுபக்கம் வெறும் வளையம். நீ கண்ணை மூடியபிறகு உன் பெட்டியோடு என்னிடம் வந்து சேர்ந்தது. கன்னத்தில் ஒற்றிப் பார்த்தேன். கடல் கடந்த இந்த லாபு எஸ்டேட் வெயிலிலும் சில்லென்றுதான் இருக்கிறது. வல்லத்து ஸ்படிகக் கல் என்று நீ பெருமையடித்துக்கொண்டது சும்மா இல்லை.

இந்த ரப்பர் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் புண்ணுக்கு மருந்து கட்ட அப்போது நாம் இரண்டு டிரெஸ்ஸர்கள். ஆறாத புண்ணில் புறஊதாக் கதிர் காட்ட ஒரு பாதரச விளக்கு வந்திருந்தது. அதன் வாயில் வெள்ளிக்காசு அகலத்தில் ஒரு ஸ்படிக வில்லை. துடைக்கும்போது அதைக் கீழே போட்டு உடைத்தவன் நான். வேறொன்று சீமையிலிருந்து வர மாதக்கணக்காகும். பயத்தில், போர்டிக்சன் டவுன் கடையில் ஜன்னல் கண்ணாடியை வட்டமாக வெட்டச் சொல்லி வாங்கிவந்து பொருத்திவிட்டேன். உன்னிடம்கூடச் சொல்லவில்லை. வெளிச்சம் அதே வெளிச்சம்தானே என்று நினைத்தேன்.

பால் வெட்டும் மாரியாயியின் கால் புண் அதன்பிறகு ஆறுவதாக இல்லை. அடுத்த முறை வரும்போதும் இப்படியே இருந்தால் காலை எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் துரை சொல்லிவிட்டுப் போனார்.

"காலு போனா கப்பல்ல ஏத்திருவாங்கய்யா. ஊர்ல எனக்கு யாரு இருக்கா?" என்று அவள் அழுதாள்.

நீதான் சந்தேகப்பட்டாய். "முன்னெல்லாம் இந்த வெளிச்சம் பட்டா மறுநாள் கை செவந்துரும்பா. இப்ப செவக்கவே மாட்டேங்குது." விளக்கோடு வந்த புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தாய். சாதாரணக் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும், ஸ்படிகம்தான் விடும் என்று அதில் போட்டிருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு கட்டுத்துணியைச் சுருட்டினேன்; உனக்குப் புரிந்துவிட்டது. நீ உன் மூக்குக்கண்ணாடியிலிருந்து ஒரு கல்லை நெம்பி எடுத்தாய். "எங்கப்பா கல்லு. பாத்துருவோம்லா." ரப்பர் ஷீட்டில் வளையம் வெட்டி அதைப் பொருத்தினாய். உன் முன்கையில் ஓரிடத்தில் என் கண்ணாடி வழியாகவும், பக்கத்தில் உன் கல் வழியாகவும் கதிரைக் காட்டினாய். மறுநாள் காலையில் கல் இருந்த இடம் மட்டும் வட்டமாகச் சிவந்திருந்தது.

மாரியாயியின் கால் பிழைத்தது. யார் கண்ணாடியை மாற்றியது என்று துரை கேட்டபோது, "நாந்தாங்க" என்றாய். வெளியே வந்து என்னிடம், "ஒனக்குப் புள்ளகுட்டி இருக்குலா" என்றாய், அவ்வளவுதான். உன்னைச் சுவா எஸ்டேட்டுக்கு மாற்றினார்கள். கல்லை விளக்கிலேயே விட்டுவிட்டுப் போனாய். ஒரு கண்ணால் மருந்துச் சீட்டைப் படித்தே கடைசிவரை காலத்தை ஓட்டினாய். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இன்று பஞ்சு தேடியது மாரியாயிக்காகத்தான். விரலில் கத்தி பட்டிருந்தது. "அந்தய்யா நல்ல மனுசன். அவரு ஏன்யா அப்புடி ஒரு கண்ணாடியப் போட்டாரு?" என்று கேட்டாள்.

இத்தனை வருஷம் சுமந்து அலுத்துவிட்டது. "அவரில்ல. நாந்தான்" என்றேன்.

அவள் நீட்டிய கையை இழுத்து, முந்தானையில் தானே சுற்றிக்கொண்டு எழுந்து போனாள். பிரித்த பஞ்சும் உன் கண்ணாடியும் இன்னும் என் மடியில்தான் இருக்கின்றன.